ஆயிரத்தில் தொடங்கும் பழுது, லட்சத்தில் முடியும் பில்!

சேலம் - நாமக்கல் வட்டாரத்தில் எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்கள் அறிய வேண்டியவை

நாமக்கல் டேங்கர் லாரிகள் வேலைநிறுத்தம் என்று அறிவித்தால், தென் மாநிலங்கள் முழுக்க சமையல் எரிவாயுவுக்கு என்ன ஆகும் என்ற பேச்சு கிளம்பிவிடும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் கூடங்கள், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள், சங்ககிரியில் லாரித் தொழில் என்று சக்கரத்தை நம்பியே பிழைக்கும் வட்டாரம் இது. டீசல் இன்ஜினைப் பிரித்து மாட்டுவது இங்கே அன்றாட வேலை. நாசில் டெஸ்ட் செய்யும் கடை, டர்போ சர்வீஸ், கிராங்க் கிரைண்டிங், ரேடியேட்டர் பட்டறை, லேத் எல்லாமே கூப்பிடு தூரத்தில் கிடைக்கும்.

அப்படிப்பட்ட ஊரில்தான், 'செக் இன்ஜின்' விளக்கு எரிகிறது என்று எஸ்.யூ.வி.யை சர்வீஸுக்கு விட்டவர்களின் கையில் 60 ஆயிரம், 80 ஆயிரம், ஒரு லட்சம் என்று எஸ்டிமேட் வந்து நிற்கிறது. லாரி ஓனர், கோழிப்பண்ணைக்காரர், ரிக் முதலாளி, விசைத்தறிக்காரர் என்று வண்டியைத் தெரிந்தவர்களே அந்தக் காகிதத்தைப் பார்த்து வாயடைத்துப் போகிறார்கள்.

காரணம் இரண்டு. ஓர் ஓஸ் பைப்பிலோ ஒரு சென்சாரிலோ தொடங்கும் பழுதை நாம் தள்ளிப்போடுகிறோம். அப்புறம் வண்டியை விடும் இடத்தில், பழுது எது என்று தேடுவதற்குப் பதிலாக முழு அசெம்பிளியையே மாற்றிவிடுகிறார்கள். முதல் தவறு நம்முடையது. இரண்டாவதை நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம்.

இத்தனைக்கும் இவை எங்கோ அந்நிய நாட்டில் செய்து கப்பலில் வந்த வண்டிகள் அல்ல. ஹூண்டாய் க்ரெட்டா ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. ரெனோ டஸ்டர் 2012-ல் ஒரகடத்தில் இருந்துதான் சாலைக்கு வந்தது. மஹிந்திராவின் எக்ஸ்யூவி 700, ஸ்கார்ப்பியோ-என் ஆகியவற்றை உருவாக்கியதில் பெரும்பங்கு செங்கல்பட்டில் உள்ள அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்துக்கு உண்டு.

வெயிலும் போர் தண்ணியும்

இந்த வட்டாரத்து எஸ்.யூ.வி.களின் முதல் எதிரி சூடு. ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஏழு பேர், ஏ.சி. முழு வேகத்தில், தொப்பூர் கணவாய் ஏற்றம் என்றால் இன்ஜினுக்கு அது கடுமையான சோதனை.

வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். கூலன்ட்டும் ரேடியேட்டரின் அழுத்த மூடியும் சேர்ந்துதான் அந்தக் கொதிநிலையை 120 டிகிரிக்கு மேல் தள்ளுகின்றன. "ஏங்க, தண்ணி ஊத்திக்கிட்டா போதாதுங்களா?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். போதாது. அதிலும் நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. வீட்டு வாட்டர் ஹீட்டர் காயிலில் படிகிற அதே வெள்ளைக் காரை ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஏறுகிறது. வாட்டர் பம்ப் சீலை அரிக்கிறது. அலுமினிய ஹெட்டுக்குள் துரு, உப்பு எல்லாம் சேர்ந்து வழியை அடைக்கிறது. அவசரத்துக்கு ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் குடிநீர் கேனில் இருப்பதை ஊற்றிவிட்டு, ஊர் வந்ததும் முழுவதையும் இறக்கிக் கழுவி, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட் நிரப்ப வேண்டும்.

இதன் கணக்கைப் பாருங்கள். கசியும் ஓஸ் ஒன்றை மாற்ற ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும். வாட்டர் பம்ப் என்றால் கூலியோடு 5,000 முதல் 9,000 வரை. அதைக் கவனிக்காமல் ஒரே ஒருமுறை இன்ஜின் கொதித்தாலும் ஹெட் வளைந்துவிடலாம். ஹெட்டை இறக்கி, லேத்தில் சமன் செய்து, புது கேஸ்கட் போட்டு மாட்ட 30,000 முதல் 50,000 வரை போகும். கொதித்த பிறகும் 'வீடு பக்கம்தானே' என்று ஓட்டி இன்ஜின் சீஸ் ஆனால், 2 லட்சத்துக்குக் குறைந்து எதுவும் பேச முடியாது. இந்தத் தொகைகள் எல்லாம் தோராயம்தான்; மாடலுக்கு மாடல், கடைக்குக் கடை மாறும். ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள இடைவெளி மாறாது.

டேஷ்போர்டில் உள்ள சூட்டு முள்ளை மட்டும் நம்பாதீர்கள். கூலன்ட் முழுவதும் கசிந்து தீர்ந்துவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். உள்ளே இன்ஜின் எரிந்துகொண்டிருக்க, முள் சாதாரணமாகக் காட்டலாம். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து, கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை இது.

கேஸ்கட் போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள். அதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவத்தை ஊற்றி, ரேடியேட்டர் வாயில் பொருத்தி, இன்ஜினை ஓடவிட்டு, மேலே வரும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக உறிஞ்ச வேண்டும். சிலிண்டரில் எரிந்த புகை கூலன்ட்டுக்குள் கசிந்தால் நீலம் பெட்ரோல் வண்டியில் மஞ்சளாகவும் டீசல் வண்டியில் பச்சையாகவும் மாறும். நிறம் மாறாவிட்டால் பழுது வேறெங்கோ இருக்கிறது. தெர்மோஸ்டாட்டோ, ஃபேன் ரிலேயோ, ரேடியேட்டர் மூடியோ. மூடியின் விலை சில நூறு ரூபாய். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஹெட்டை இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விடக்கூடாது என்பது என் கருத்து.

புகைக்கூண்டில் ஒரு வடிகட்டி

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. அதன் பிறகு வந்த டீசல் எஸ்.யூ.வி.களின் சைலன்சர் வழியில் டி.பி.எஃப். என்கிற வடிகட்டி இருக்கிறது. கரும்புகைத் துகள்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, நிறைந்ததும் சுமார் 600 டிகிரி சூட்டில் தானே எரித்துச் சாம்பலாக்குவது அதன் வேலை. அப்படி எரிக்க அதற்குத் தேவை சீரான வேகமும் நேரமும். 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நிற்காமல் 15, 20 நிமிடமாவது ஓட வேண்டும்.

இங்கேதான் பண்ணைக்காரர்களின் வண்டி மாட்டிக்கொள்கிறது. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நாலு கிலோமீட்டர், பேங்குக்கும் கடைவீதிக்கும் இரண்டு கிலோமீட்டர் என்று ஓடும் வண்டி முழுதாகச் சூடேறுவதற்குள் நின்றுவிடுகிறது. வடிகட்டி பாதி எரிந்த நிலையில் அணைகிறது. இப்படிப் பலமுறை நடந்தால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அதையும் பொருட்படுத்தாவிட்டால் வண்டி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்காது.

இன்னொரு கெடுதலும் உண்டு. அது பலருக்கும் தெரிவதில்லை. வடிகட்டியைச் சூடாக்க கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசல், வேலை பாதியில் நின்றால் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். ஆயில் ஏறியிருக்கிறது என்றால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அது நீர்த்துப்போயிருக்கிறது, பேரிங்குகளைக் காக்கும் பிசுபிசுப்பை இழந்துவிட்டது என்று அர்த்தம். கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றியாக வேண்டும்.

டி.பி.எஃப். புதிதாகப் போட்டால் ஒரு லட்சத்தைத் தாண்டும். கழற்றிச் சுத்தம் செய்வது 10,000 முதல் 15,000-க்குள் முடியும். விளக்கு எரிந்த உடனே ஸ்கேனர் மூலம் நிறுத்தி வைத்தே எரிக்கச் செய்தால் ஓரிரு ஆயிரம்தான். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, வடிகட்டியின் இரு பக்க அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குப் போகும் சிறிய ரப்பர் குழாய்களை. சூட்டில் வெடித்தோ கழன்றோ போனால் வண்டியின் கம்ப்யூட்டர் 'வடிகட்டி அடைப்பு' என்று தவறாகப் படிக்கும். குழாயின் விலை சில நூறு ரூபாய். அதைப் பார்க்காமல் லட்ச ரூபாய் வடிகட்டியை மாற்றினாலும் விளக்கு மறுபடி எரியும்.

டி.பி.எஃப்.பையே குடைந்து எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை மாற்றித் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். அது சட்டப்படி குற்றம், வாரன்டியும் போய்விடும். எல்லாவற்றையும் விட, அந்தப் புகையைச் சுவாசிக்கப் போவது நம் தெருவில் விளையாடும் குழந்தைகள். சேலத்தில் இருந்து நாமக்கல் வரை 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாலு வழியில் விரிந்து கிடக்கிறது. வாரம் ஒருமுறை ராசிபுரம் வரைக்குமாவது 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிவிட்டுத் திரும்புங்கள். அதுவே இந்த வடிகட்டிக்கு வைத்தியம். உங்கள் ஓட்டமெல்லாம் ஊருக்குள்ளேதான், மாதம் 500 கிலோமீட்டர்கூடத் தேறாது என்றால், அடுத்த வண்டி பெட்ரோலாக இருக்கட்டும்.

எக்ஸ்யூவி 700, ஸ்கார்ப்பியோ-என் போன்ற டீசல் வண்டிகளுக்கு ஆட்-புளூவும் ஊற்ற வேண்டும். லாரிக்காரர்கள் 'யூரியா' என்று சொல்வது இதைத்தான். 32.5 சதவீத யூரியாக் கரைசல் அது. லாரிப் புழக்கம் உள்ள ஊர் என்பதால் எங்கும் கிடைக்கும்; ஆனால் மூடி உடைந்த கேன், பெயர் தெரியாத தயாரிப்பு வேண்டாம். கரைசல் சரியில்லை என்றால் படிகமாகி உள்ளே இறுகிவிடும். அதன் பம்ப்பும் இன்ஜெக்டரும் போனால் ஐந்து இலக்கத்தில்தான் பில் வரும்.

"பிக்கப் இல்லீங்க!"

மெக்கானிக்கிடம் அதிகம் பேர் சொல்லும் புகார் இது. இதற்கு டர்போ மாற்ற வேண்டும் என்ற பதில் சீக்கிரமே வந்துவிடும். புது டர்போ 40,000 முதல் 80,000 வரை.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்வது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து ஹோட்டல் வாசலில் நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். சூட்டில் உள்ளே தேங்கிய ஆயில் கரியாகும். ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணைத்தால் போதும். அதேபோல், 10,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய ஆயிலை 15,000-க்கு இழுப்பவர்கள் மூவாயிரம், நாலாயிரத்தை மிச்சம் பிடித்து டர்போவைத் தொலைக்கிறார்கள்.

ஆனாலும் பிக்கப் இல்லாததற்கெல்லாம் டர்போ காரணமல்ல. இன்டர்கூலர் ஓஸ் கிழிந்திருக்கலாம். விசில் போல் சத்தம் கேட்கும், ஓஸ் மேல் ஆயில் ஈரம் தெரியும். டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்து மூடாமல் நிற்கலாம். இவை எல்லாம் சில ஆயிரங்களில் முடிகிற வேலை. தண்டில் உண்மையிலேயே ஆட்டம் இருந்தாலும், உள் பாகத்தை மட்டும் மாற்றி 15,000 முதல் 30,000-க்குள் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. லாரிகளுக்கு வருடக்கணக்காக அதைச் செய்துவரும் கைகள் இந்த ஊரில் இருக்கின்றன.

இன்ஜெக்டர் விஷயமும் இதே கதைதான். புதிது ஒன்று 15,000 முதல் 25,000 என்றால், நாலுக்கும் சேர்த்து லட்சம் வரை வரும். நாலும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பும் குழாயிலும் ஒரு சிறிய பாட்டிலை மாட்டி, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டால், எந்தப் பாட்டிலில் டீசல் அதிகமாகச் சேர்கிறதோ அந்த இன்ஜெக்டர்தான் குற்றவாளி. பக்கத்தில் நின்று நீங்களே கண்ணால் பார்க்கலாம்.

டைமிங் பெல்ட்டா, செயினா என்பது உங்கள் வண்டியைப் பற்றி நீங்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒரு விவரம். க்ரெட்டா டீசலில் இருப்பது செயின். டஸ்டரின் 1.5 லிட்டர் டீசலிலும், டாடா ஹாரியர், சஃபாரி வண்டிகளின் 2 லிட்டர் டீசலிலும் பெல்ட். பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு. கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் 10,000 முதல் 20,000 செலவழித்து மாற்றிவிட வேண்டும். ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி இன்ஜினே கையை விரித்துவிடும். செகண்ட் ஹேண்டில் டஸ்டர் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது பெல்ட் மாற்றிய பில்லைத்தான்.

கிளட்ச் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செட்டாக மாற்ற 15,000 முதல் 25,000. டூயல் மாஸ் பிளைவீலும் போயிருந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. டவுனில் பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டும் பழக்கம்தான் அதைத் தின்கிறது. சஸ்பென்ஷனில் 'டக் டக்' சத்தம் என்றால் முழு லோயர் ஆர்மையும் மாற்றச் சொல்வார்கள். ஆர்ம் வளையவில்லை என்றால், புஷ் தனியாகக் கிடைக்கும் மாடல்களில் லேத்தில் அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். ஸ்டியரிங் தொடர்பான பால் ஜாயின்ட், டை ராடு எண்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பிரேக்கிலும் அப்படியே. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், ஏற்காட்டின் 20 வளைவுகளில் இறங்கும்போது இரண்டாவது கியரில் இன்ஜின் பிடிப்பில்தான் வர வேண்டும். இரண்டு டன் வண்டியை வெறும் பிரேக்கால் பிடித்து இறங்கினால் பேட் கருகும், பிரேக் ஆயில் கொதிக்கும், பெடல் தரையைத் தொடும். உயிரோடு விளையாடும் விஷயம் இது.

பூட்டி வைக்கப்பட்ட விவரம்

இவ்வளவு திறமை இருக்கும் ஊரில் மெக்கானிக்குகள் ஏன் கையைப் பிசைகிறார்கள்? திறமைக் குறைவால் அல்ல. புதிய வண்டியில் இன்ஜெக்டரை மாற்றினால் அதன் குறியீட்டைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அதற்கான சாஃப்ட்வேரும், வயரிங் வரைபடமும், சில அசல் உதிரிபாகங்களும் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தாண்டி எளிதில் வெளியே வருவதில்லை.

இது புதிய புகார் அல்ல. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.64 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் போட்டியை முடக்கியதாகக் கண்டுதான் அந்த உத்தரவு. டாடா மோட்டார்ஸுக்கு 1,346.46 கோடி, மாருதிக்கு 471.14 கோடி, மஹிந்திராவுக்கு 292.25 கோடி. வெளி மெக்கானிக்கிடம் காட்டினால் வாரன்டியே ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக்கூடாது, வெளி வேலையால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டுமே வாரன்டியை மறுக்கலாம் என்றும் அதில் சொல்லப்பட்டது. மேல்முறையீடு, நீதிமன்றத் தடை என்று வழக்குகள் நீண்டன. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. ஆனால் நாமக்கல் பட்டறையில் இருக்கும் ஒருவர் நியாயமான விலையில் அசல் சாஃப்ட்வேரை வாங்கிப் பயன்படுத்தும் நிலை இன்னும் வரவில்லை. தானே கட்டிய லாரிகளை நாடு முழுக்க ஓட்டும் ஊருக்கு இது பெரிய அநியாயம்.

கம்பெனியின் தவறு என்றால் கம்பெனியே இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 2022-ல் கிளட்ச் பெல் ஹவுசிங்கில் இருக்கும் ஒரு ரப்பர் பெல்லோவுக்காக மேனுவல் கியர் எக்ஸ்யூவி 700, ஸ்கார்ப்பியோ-என் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2023 ஆகஸ்டில் இன்ஜின் அறையில் வயர்கள் உரசும் வாய்ப்பு இருப்பதாக 1,08,306 எக்ஸ்யூவி 700 வண்டிகள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டன. உங்கள் வண்டியின் சேசிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டால் இப்படி ஏதும் பாக்கி இருக்கிறதா என்று தெரியும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் இதைத் தவறாமல் பாருங்கள். அழைப்புக் கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

பில்லில் வரியையும் சரிபாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விலைப்பட்டியலை வைத்து யாராவது எஸ்டிமேட் போட்டால் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தீராத பிரச்னை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது.

தமிழ்நாடு அரசுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வண்டிகளில் சிலவற்றைச் செய்யும் தொழிற்சாலைகள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. அவற்றைப் பழுது பார்க்கும் கைகளும் நம் மாநிலத்தில் இருக்கின்றன. சேலம், நாமக்கல் ஐ.டி.ஐ.களில் பி.எஸ்.6 டீசலுக்கும் ஸ்கேனர் பயன்பாட்டுக்கும் பட்டறைக்காரர்கள் மாலை நேரத்தில் வந்து படிக்கும் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துங்கள். கம்பெனிகளிடம் சாஃப்ட்வேரையும் வரைபடங்களையும் நியாய விலைக்குக் கேட்டு வாங்குங்கள்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை எஸ்டிமேட் காகிதம் கைக்கு வந்தால் கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேளுங்கள்: ஸ்கேனர் காட்டிய பிழை எண்ணின் பிரின்ட், அந்த பார்ட்தான் கெட்டது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது என்ற விளக்கம், கழற்றும் பழைய பார்ட்டைத் திருப்பித் தருவதாக ஒப்புதல். இந்த மூன்றையும் தர மறுக்கும் இடத்தில் இருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.